முன்னுக்குப் பின் முரண்

சோலைமலை ஆவின் வண்டிக்கு
மூன்று மணிக்கு எழவேண்டியவர்.
ஒன்பதுக்கெல்லாம் குறட்டை.
நான் அடுப்படி விளக்கை அணைத்துவிட்டு
சிலிண்டருக்கும் அரிசி டிரம்முக்கும் நடுவே
ஸ்டூலைப் போட்டுக்கொள்கிறேன்.
வண்டியூர்க் கண்மாய்க் கொசு காலைச் சுற்றுகிறது.
ஒரு காதில்தான் இயர்போன்,
மற்றக் காது வீட்டுக்கு.

கதை என்று ஒன்று இருக்கிறது, சத்தியமாக.
ஜப்பானில் பள்ளிக்கூடம் போன பையன்
லாரியில் அடிபட்டு
வேறோர் உலகத்தில் கண் விழிக்கிறான்.
அங்கே அவன்தான் எல்லாருக்கும் மேல்.
ஏன் என்று கேட்கக் கூடாது.
முதல் வாரம் அவன் முடி பச்சை,
நாலாவது வாரம் நீலம்.
எண்ணூறு வயதுச் சூனியக்காரிக்கு
எட்டாம் வகுப்பு முகம்.
வாளை ஓங்கி, அந்த வெட்டின் பெயரை
முழுசாகச் சொல்லி முடிக்கிறவரை
அரக்கன் நிற்கிறான்,
ரேஷன் கடையில் பில் போடக் காத்திருப்பவன் மாதிரி.
நடுவில் காசு தீர்ந்துபோயிருக்கும் போல,
ஒரே படம், வாய் மட்டும் அசைகிறது,
பின்னால் மேகம் நகர்கிறது.
செத்தவன் இரண்டு வாரம் கழித்துக்
கதவைத் தள்ளிக்கொண்டு வருகிறான்.
எப்படி வந்தாய் என்று ஒருத்தரும் கேட்கவில்லை.
சோறு போடுகிறார்கள்.

கீழே ஓடும் எழுத்தில்
‘உன்னை நான் மன்னித்து வெட்டுவேன்’ என்றிருக்கிறது.
தட்டச்சு உயர்நிலை தேறியவள் நான்,
விரல் துடிக்கிறது.
துடித்துவிட்டு
அடுத்த பாகத்தைத் தொடுகிறது.

இரண்டாம் ஞாயிறு வாசகர் வட்டத்தில்
பொதும்பிலிருந்து பஸ் ஏறி வந்தவரின் முதல் நாவலை
‘பாத்திரங்களுக்கு நோக்கமே இல்லை’ என்று
அவர் முன்னாலேயே கிழித்தது நான்தான்.
டீயைக் குடிக்காமல் போனார் மனுஷன்.
படியிறங்கும்போது பெனாசிர் கேட்டாள்,
“இப்ப என்னக்கா பாக்குறீங்க?”
ஈரானியப் படம் என்றேன்.

பகலில் வேலை
விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில்,
சொன்னதைச் சொன்னபடி அடிப்பது.
செவ்வாய்க்கிழமை கூண்டில் ஒச்சம்மாள்,
செக்கானூரணி, கூலி, வயது முப்பத்தொன்று.
புருஷன் மேல் லாரி.
இன்சூரன்ஸ் வக்கீல் கண்ணாடியைத் துடைத்தபடி,
“எட்டு மணிக்குக் கிளம்பினார் என்றீர்கள்.
ஒன்பது மணிக்குச் சாப்பிட்டார் என்கிறீர்கள்.
எது உண்மை?”
“கெளம்புனாருங்க. திரும்பி வந்தாரு.
சாப்ட்டாரு. மறுபடி கெளம்புனாரு.”
“திரும்பி வந்ததை ஏன் முன்பே சொல்லவில்லை?”
“யாரும் கேக்கலீங்க.”
அடித்தேன்:
*அவர் திரும்பி வந்ததாக நான் சொல்வது
வழக்கிற்காகச் சொல்லும் பொய் என்றால் சரியல்ல.*
ஒற்றுப்பிழைகூட இல்லை.

அன்றைக்கு ராத்திரி முதல் பாகத்தை
ஏனோ மறுபடி போட்டேன்.
லாரி வரும் இடத்தில் கட்டைவிரல்
தானாக நிறுத்திவிட்டது.
இந்த லாரிக்கு எத்தனை தடவை சிரித்திருக்கிறேன்.
ஓட்டுநருக்கு முகம் வரையவில்லை.
நம்பர் பிளேட்டில் எண் இல்லை.
பையனின் அம்மா ஒரு காட்சியிலும் வருவதில்லை,
எழுதியவன் மறந்திருப்பான்.
முக்குக் கடையில் கொத்துப் பரோட்டாக் கல்
தாளம் தப்பாமல் அடித்துக்கொண்டிருந்தது.
சரி போ என்று விரலை எடுத்தேன்.
புல்வெளி. இரண்டு நிலா.
சட்டையில் ஒரு கசங்கல்கூட இல்லாமல்
எழுந்து உட்கார்ந்தான்.
கன்றாவி.
கண்ணைத் துடைத்துக்கொண்டு
வரிசையாகப் பன்னிரண்டு பாகம் பார்த்தேன்.

இயர்போன் இல்லாத காதில்
குறட்டை எப்போது நின்றது என்று தெரியவில்லை.
பின்னால் ஹெல்மெட்டோடு சோலைமலை.
செருப்பை மாட்டியவர்
வாசல்வரை போய்த் திரும்பினார்.
“அந்தப் பயலுக்கு
முடி பச்சையாத்தான இருந்துச்சு?”